விமானம் ரெடி, எஞ்சின் எங்கே?

சிறுசேரி சிப்காட் கேட்டுக்கு வெளியே இருக்கும் டீக்கடையில், என் டீமில் வேலை செய்யும் பையன் ஒருத்தன் கேட்டான்: "அண்ணா, நிலாவுல லேண்டர் இறக்கியாச்சு. ஒரு ஜெட் எஞ்சின் பண்ண முடியலையா நம்மால?" தேஜஸ் போர் விமானத்துக்கு அமெரிக்காவிலிருந்து எஞ்சின் வரத் தாமதமான கதையை போனில் படித்துக்கொண்டிருந்தான். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இந்தப் பதிவு.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். சில வருடம் முன்னால் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், இன்னும் கொஞ்சம் நக்கலாக. காவிரி எஞ்சின் திட்டத்துக்கு 1989 மார்ச்சில் 382.81 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், 1996 டிசம்பரில் முடிக்க வேண்டும் என்று கெடு. தணிக்கைத் துறையின் அறிக்கையில் அந்தத் தொகை 2,839 கோடியாக வளர்ந்த கணக்கு இருக்கிறது. எங்கள் ஆபீஸில் ஒரு ப்ராஜெக்ட் இப்படி இழுத்தால் மேனேஜரை மாற்றிவிடுவார்கள். அந்தக் கண்ணோடுதான் படித்தேன். அப்புறம் அதற்கு முந்தைய முப்பது வருடக் கதையையும் சேர்த்துப் படித்தபோது சிரிப்பு போய்விட்டது.

முதலில் ராக்கெட் ஒப்பீட்டை முடித்துவிடுவோம். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இருக்கும் விகாஸ் எஞ்சின் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் எரிகிறது. அதோடு அதன் ஜென்மம் முடிந்தது, கடலில் விழுந்துவிடும். அது எளிது என்று சொல்லவில்லை. நம்முடைய சொந்த கிரையோஜெனிக் எஞ்சின் 2010 ஏப்ரலில் தோற்று, 2014 ஜனவரியில்தான் ஜெயித்தது. ஆனால் போர் விமான எஞ்சின் படும் பாடு வேறு. ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைக்கணும். விமானி திராட்டிலை நொடிக்கு நொடி ஏற்றி இறக்குவார், அதைத் தாங்கணும். மணல், மழை, பறவை எல்லாவற்றையும் விழுங்கணும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. ராக்கெட்காரர்களுக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் மகேந்திரகிரி இருக்கிறது. எஞ்சினைக் கட்டிப்போட்டு எரித்துப் பார்க்கவும், வெடித்தால் மறுபடி கட்டவும் சொந்தமாக ஓர் இடம். இந்த 'சொந்த இடம்' பின்னால் திரும்ப வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெட் எஞ்சினில் உண்மையான கஷ்டம் எங்கே? முன்னால் காற்றை உள்ளிழுத்து அழுத்தி, நடுவில் எரிபொருளோடு எரித்து, பின்னால் தள்ளுகிறோம். போகிற போக்கில் அந்தச் சூடான வாயு ஒரு டர்பைனைச் சுற்றுகிறது, அதே தண்டில் மாட்டியிருக்கும் முன்பக்கக் கம்ப்ரஸர் அதனால் சுற்றுகிறது. படம் போட்டால் ஒரு பக்கத்தில் முடியும். எரிகலத்திலிருந்து வரும் வாயுவை நேராக வாங்கிக்கொள்கிற டர்பைன் பிளேடில்தான் எல்லாச் சிக்கலும். காவிரியின் வடிவமைப்பில் அந்த வாயுவின் உச்ச வெப்பம் 1,700 கெல்வின், அதாவது 1,400 டிகிரி செல்சியஸுக்கும் மேலே. பிளேடு செய்யும் நிக்கல் கலப்புலோகமோ 1,300 சொச்சத்திலேயே உருக ஆரம்பித்துவிடும். உருகுநிலையைத் தாண்டிய நெருப்பில் நின்றுகொண்டு, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றணும். அந்த வேகத்தில் கையளவுகூட இல்லாத ஒரு பிளேடைப் பல டன் விசை வெளிப்பக்கம் பிடித்து இழுக்கிறது.

இப்படிச் சூட்டிலும் இழுவையிலும் உலோகம் உடையாமல் மெல்ல மெல்ல நீள்வதற்கு க்ரீப் என்று பெயர். இங்கிருந்து ஒரு மணி நேரம் தெற்கே போனால் வரும் கல்பாக்கத்தில், அணு உலை எஃகு இப்படி எவ்வளவு நீள்கிறது என்று மாதிரித் துண்டுகளை உலைக்குள் எடை கட்டித் தொங்கவிட்டு வருடக்கணக்கில் அளக்கிறார்கள். அங்கே வெப்பம் 550 டிகிரி அளவு. பிளேடு இருக்கும் இடத்தில் அது ஒரு குளிர்பிரதேசம்!

பிளேடு செய்யும் முறை நமக்கு அந்நியம் இல்லை என்பதுதான் வேடிக்கை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சுட்டு, மெழுகை வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள் அல்லவா? டர்பைன் பிளேடும் அடிப்படையில் அதே மெழுகு வார்ப்புதான். களிமண்ணுக்குப் பதில் செராமிக் கூழ், ஊற்றுவது வெற்றிட உலையில். பிளேடுக்குள் குளிர்காற்று ஓட நெளிநெளியான குழாய்கள் வேண்டும். அதற்காக உள்ளே ஒரு செராமிக் கருவை வைத்து வார்த்து, பிறகு ரசாயனத்தில் கரைத்து எடுக்கிறார்கள். ('குளிர்காற்று' என்பதும் பேச்சுக்குத்தான். கம்ப்ரஸரிலிருந்து வரும் அதுவே சில நூறு டிகிரி இருக்கும்.)

கடைசிப் படிதான் வித்தை. சாதாரணமாக ஆறும் உலோகம், சர்க்கரையை அழுத்திப் பிடித்த கட்டி மாதிரி, ஆயிரம் சின்னப் படிகங்களின் கூட்டம். க்ரீப் அந்தப் படிகங்களின் ஒட்டுகளில்தான் நுழைகிறது. அச்சை உலையிலிருந்து அங்குலம் அங்குலமாகக் கீழே இறக்கி ஆறவைத்தால், முழு பிளேடையும் கற்கண்டு மாதிரி ஒரே படிகமாக வளர்க்கலாம். எந்தக் கலவை, எந்த வேகம், நூற்றுக்கு எத்தனை தேறும் என்பதெல்லாம் எந்த நாடும் விலைக்குக்கூடத் தராத சமாச்சாரம். ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோக ஆய்வகம் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக இப்படி 60 ஒற்றைப் படிக பிளேடுகள் செய்து எச்ஏஎல் நிறுவனத்திடம் கொடுத்ததாக 2021 ஏப்ரலில் அறிவித்தது. காவிரிக்கு அனுமதி கிடைத்து 32 வருடம் கழித்து.

இப்போது பழைய கதைக்கு வருவோம். விமானம் தயாராகி எஞ்சினுக்காகக் காத்திருப்பது தேஜஸில் தொடங்கிய வழக்கம் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கு ஃபோக்கே-வுல்ஃப் விமானங்களை வடிவமைத்த குர்ட் டாங்க் 1956-ல் பெங்களூரு வந்தார். அவர் தலைமையில் உருவான எச்எஃப்-24 மாருத், 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் போகும் என்று கனவு. அந்தக் கனவு முழுக்க பிரிட்டனின் பிரிஸ்டல் கம்பெனி உருவாக்கிக்கொண்டிருந்த ஆர்ஃபியஸ் 12 என்ற ஆஃப்டர்பர்னர் எஞ்சினை நம்பியிருந்தது. அதற்கு வேறு வாடிக்கையாளர்கள் இல்லாமல் போனதும், மீதி வேலைக்கு இந்தியா பணம் போடட்டும் என்றார்கள். நம் அரசு மறுத்தது. மாருத் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். நானும் விட்டுக்கொள்கிறேன். கடைசியில் ஆஃப்டர்பர்னர் இல்லாத ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டை மாட்டினார்கள். விமானத்தின் உடம்பு அருமை, ஓட்டியவர்கள் புகழ்ந்தார்கள், 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் நன்றாகவே சண்டை போட்டது. ஆனால் ஒலியின் வேகத்தைத் தாண்டவே மூச்சு வாங்கியது.

மாற்று வழி எகிப்தில் இருந்தது. அங்கே நாசர் அரசுக்காக வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் எச்ஏ-300 என்ற விமானத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தார். அதற்கான இ-300 எஞ்சினை, கெய்ரோ பக்கத்தில் ஹெல்வானில், ஆஸ்திரியாக்காரரான ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் உருவாக்கிக்கொண்டிருந்தார். இந்தியா அதில் சேர்ந்துகொண்டது. 1964 மார்ச் 7 அன்று எச்ஏ-300 முதன்முதலாகப் பறந்தபோது ஓட்டியது நம் விமானப்படையின் கபில் பார்கவா. ஒரு மாருத் எகிப்துக்கே போய், 1967 மார்ச் கடைசியில் ஒரு பக்கம் இ-300 மாட்டிக்கொண்டு பறந்தது. ஜூன் மாதம் ஆறு நாள் போர். 1969-ல் எகிப்து மொத்தத் திட்டத்தையும் மூடிவிட்டது.

இந்த பிராண்ட்னர் கதையில் எனக்குப் பிடித்த ஒரு கிளை உண்டு. போருக்குப் பிறகு சோவியத் ரஷ்யா அவரையும் மற்ற ஜெர்மானிய எஞ்சின் ஆட்களையும் பிடித்துக்கொண்டு போய் வேலை வாங்கியது. வோல்கா கரையில் அந்தக் கூட்டம் தொடங்கிய வேலைதான் என்கே-12 டர்போபிராப் ஆனது, ஒன்றுக்கு 15,000 குதிரைத்திறன். டியூ-95 குண்டுவீச்சு விமானத்துக்கும், அதன் கடற்படைத் தம்பி டியூ-142-க்கும் அதுதான் எஞ்சின். நம் கடற்படையின் டியூ-142 விமானங்கள் 1992 முதல் நின்ற இடம் அரக்கோணம், ஐஎன்எஸ் ராஜாளி. 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெறும்வரை எதிரெதிராகச் சுற்றும் எட்டு புரொப்பெல்லர்களோடு வங்கக் கடலுக்கு மேலே அவை போய் வந்தன. ஆக, பிராண்ட்னரின் எஞ்சினுக்காக பெங்களூரு காத்திருந்தது, வரவில்லை. அவர் கை வைத்த இன்னொரு எஞ்சின் ரஷ்யா வழியாக அரக்கோணத்துக்கு வந்து கால் நூற்றாண்டு உறுமிவிட்டுப் போனது.

இன்னொரு பக்கம், இருக்கிற ஆர்ஃபியஸுக்கு நாமே ஆஃப்டர்பர்னர் செய்வோம் என்று பெங்களூருவில் ஜிடிஆர்ஈ என்ற எரிவாயுச்சுழலி ஆய்வகம் இறங்கியது. 1959-ல் கான்பூரில் தொடங்கி, 1961-ல் பெங்களூருவுக்கு மாறிய அமைப்பு அது. இந்த ஆஃப்டர்பர்னர் பொருத்திய மாருத் 1970 ஜனவரி 10 அன்று தரையை விட்டுக் கிளம்பும்போது விழுந்தது. ஓட்டிய சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் இறந்துபோனார். எச்ஏஎல் பக்கம் ஆட்டோவில் போனவர்களுக்கு சுரஞ்சன் தாஸ் ரோடு தெரிந்திருக்கும். அவர்தான் இவர்.

இதன் பிறகு ஜிடிஆர்ஈ கையில் பறக்கிற எஞ்சின் வேலை எதுவும் பெரிதாக இல்லை. ஜிடிஎக்ஸ் வரிசையில் தரையில் ஓடும் சோதனை எஞ்சின்கள் செய்தார்கள். இந்த நிலையில்தான் 1989-ல், பறந்த எஞ்சின் ஒன்றுகூட இல்லாத ஓர் ஆய்வகத்திடம், ஏழு வருடத்தில் 81 கிலோநியூட்டன் உந்துவிசை தரும் போர் விமான எஞ்சின் கேட்டோம். அதிலும் இன்னும் பிறக்காத ஒரு விமானத்துக்கு! நான் சிரித்த கெடு இதுதான்.

மைய எஞ்சினுக்கு கபினி என்றும் முழு எஞ்சினுக்கு காவிரி என்றும் பெயர் வைத்தார்கள், கபினி வந்து காவிரியில் சேர்வது போல. கபினி 1995-ல் ஓடியது, முழு காவிரி 1996-ல் ஓடியது. அதாவது அந்தக் கெடு முடிகிற வருடத்தில் எஞ்சின் ஓடவே செய்தது! ஆனால் ஓடுவது வேறு, பறக்கத் தகுதி பெறுவது வேறு. 1,100 கிலோ இருக்க வேண்டியது 1,235 கிலோ ஆனது. ஆஃப்டர்பர்னரோடு கேட்ட உந்துவிசை கடைசிவரை வரவில்லை. தேஜஸ் 2001 ஜனவரி 4 அன்று அமெரிக்க எஃப்404 எஞ்சினோடு முதலில் பறந்தது. 2008-ல் காவிரியைத் தேஜஸிலிருந்து அதிகாரபூர்வமாகப் பிரித்துவிட்டார்கள். சூலூரில் இப்போது நிற்கும் தேஜஸ்களுக்கும் அமெரிக்க எஞ்சின்தான்.

உயரத்தில் காற்று மெலிது, குளிர் அதிகம். அங்கே எஞ்சின் எப்படி நடந்துகொள்ளும் என்று தரையிலேயே பார்க்க, எஞ்சினை அடைத்துவைத்து அந்தக் காற்றைச் செயற்கையாக உண்டாக்கும் பெரிய சோதனைக்கூடம் வேண்டும். காவிரியைச் சோதிக்கும்படியான கூடம் நம்மிடம் இல்லை. பறந்து சோதிக்க, நான்கு எஞ்சின் விமானம் ஒன்றில் ஓர் எஞ்சினைக் கழற்றிப் புதியதை மாட்டுவார்கள். அந்த விமானமும் நம்மிடம் இல்லை. இரண்டுக்கும் ரஷ்யா. எஞ்சினைப் பெட்டியில் போட்டு அனுப்பணும், அவர்கள் தேதி கொடுக்கணும், பிரச்சினை வந்தால் திரும்பக் கொண்டுவந்து பிரித்துச் சரிசெய்து மறுபடி வரிசையில் நிற்கணும். 2010 நவம்பரில் மாஸ்கோ பக்கம் இலியூஷின்-76 விமானத்தின் இறக்கையில் தொங்கிக்கொண்டு காவிரி முதன்முதலாகப் பறந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே, 6 கிலோமீட்டர் உயரம். அனுமதி கிடைத்து 21 வருடம் கழித்து.

என் வேலையில் ஒரு பக் வந்தால் திருத்தி, பில்ட் போட்டு, இருபது நிமிடத்தில் மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். ஒரு நாளில் பத்து தடவை தப்பு செய்ய எனக்கு வசதி இருக்கிறது. டெஸ்ட் சர்வர் வேறொரு நாட்டில், வருடத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும், அதுவும் வாடகைக்கு என்றால் நான் எந்த ப்ராஜெக்டை எந்தக் கெடுவில் முடித்திருப்பேன்? ஜிடிஆர்ஈ பக்கம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எடையும் கெடுவும் நழுவியதற்கு அவர்களும் பொறுப்பு, வெளிநாட்டுக் கூட்டு பற்றி வருடக்கணக்கில் பேசியே கழித்த அமைச்சகமும் பொறுப்பு. ஆனால் சோதனைக்கூடத்துக்கு முதலில் பணம் போடாமல் எஞ்சினுக்குக் கெடு வைத்ததுதான் பெரிய தவறு என்று எனக்குப் படுகிறது. சீனாவும் இதே பள்ளத்தில் விழுந்தது. தன் ஜெ-10 விமானத்துக்குப் பல வருடம் ரஷ்ய எஞ்சினைத்தான் மாட்டியது. ஆனால் சொந்த எஞ்சினுக்குப் பணம் கொட்டுவதை நிறுத்தவில்லை.

நம் பையன் படித்த செய்திக்கு வருகிறேன். தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்காக 2021 ஆகஸ்டில் 99 எஃப்404 எஞ்சின்களுக்கு ஜிஈ கம்பெனியிடம் ஆர்டர் போட்டோம். அவர்கள் அந்த வரிசை உற்பத்தியை முன்பே நிறுத்தியிருந்தார்கள், திரும்பத் தொடங்க நேரமாயிற்று. மார்க் 1ஏ 2024 மார்ச்சில் முதலில் பறந்துவிட்டது. ஆர்டரின் முதல் எஞ்சின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில். மாருத் காலத்தில் நடந்ததேதான்.

காவிரி செத்துவிடவில்லை. ஆஃப்டர்பர்னரைக் கழற்றிய வடிவம் ஒன்றை ஆளில்லாத் தாக்குதல் விமானத்துக்காகத் தயார் செய்கிறார்கள். 2025-ல் வந்த செய்திகளின்படி அதன் மிச்சச் சோதனைகள் நடப்பதும் ரஷ்யாவில்தான்.