சான்றிதழ் பள்ளி பல்கலைக்கழகமான கதை

அமெரிக்காவில் மேற்படிப்பு என்று பேச்சு வந்தால், பிள்ளைகள் ஆசையோடு சொல்லும் பெயர்களில் ஒன்று கார்னெகி மெலன். பிட்ஸ்பர்க் நகரிலுள்ள இந்தப் பல்கலைக்கழகம், ஆரம்பத்தில் ஒரு பட்டம்கூடத் தராத தொழிற்பள்ளி என்றால் நம்புவீர்களா?

அதைத் தொடங்கிய ஆண்ட்ரூ கார்னெகி, ஸ்காட்லாந்து நெசவாளி ஒருவரின் மகன். 1848-ல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, சிறு வயதிலேயே வாரம் 1.20 டாலர் கூலிக்குப் பஞ்சாலை வேலைக்குப் போனார். பிறகு எஃகுத் தொழிலில் கோடீஸ்வரரானார். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் தொழில் கற்க 1900-ல் 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். 1905-ல் வகுப்புகள் தொடங்கின. பெண்கள் பிரிவுக்குத் தன் தாயார் மார்கரெட் மோரிசன் பெயரை வைத்தார். படிப்பெல்லாம் இரண்டு, மூன்று வருடம். முடித்தால் சான்றிதழ் மட்டும்தான்.

சில ஆண்டுகளிலேயே அது போதாது என்று தெரிந்தது. 1912-ல் பெயரை மாற்றிக்கொண்டு பட்டம் தரும் கல்லூரியானது. 1914-ல் நாடகத்துக்கே ஒரு துறை வந்தது! 1956-ல் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய இடம் நிர்வாகவியல் பள்ளியின் அடித்தளம். பி.காம். படித்த எனக்கு இதில் தனி சந்தோஷம். 1967-ல் மெலன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்து இன்றைய பெயரைப் பெற்றது.

1980-களில் பிட்ஸ்பர்க்கின் எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். எஃகை மட்டும் நம்பியிருந்தால் கல்லூரியும் சரிந்திருக்கும். ஆனால் அது 1979-லேயே ரோபோ ஆராய்ச்சிக்குத் தனி நிறுவனம் அமைத்துவிட்டது. அதன் முதல் இயக்குநர் ராஜ் ரெட்டி, 1958-ல் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1994-ல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருதைப் பெற்றார். இன்று கத்தாரிலும் ருவாண்டாவிலும் கூட இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வளாகங்கள் இருக்கின்றன.

இதை ஏன் சொல்கிறேன்? பத்தாவது முடித்த பிள்ளை பாலிடெக்னிக் போகிறேன் என்றால், "டிப்ளமோவா?" என்று நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். டிப்ளமோ முடித்தவர்கள் இங்கே பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். எனவே பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பட்டறையில் உண்மையாகவே வேலை கற்றுத் தருகிறார்களா, காலத்துக்கு ஏற்ப பாடம் மாறுகிறதா என்று நேரில் போய் விசாரியுங்கள். நாளைய பெரிய பெயர்கள் இன்று சின்னப் பள்ளிகளாக இருக்கலாம்.