ரோலரிலிருந்து நீர்மூழ்கிக்கு: மார்ஷல் குடும்ப ஆலையும் நீலகிரித் தேயிலையும்

எஃகுப் படகு கட்டிய குடும்ப நிறுவனங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் தண்ணீர்க் கரையிலிருந்தே தொடங்குவது வழக்கம். அதற்குக் காரணமும் இருக்கிறது. கோவாவில் சௌகுலே, டெம்போ குடும்பங்கள் மாண்டோவி, சுவாரி ஆறுகளில் இரும்புத் தாது ஏற்றிய பார்ஜுகளின் வழியாகவே கப்பல் கட்டும் தொழிலுக்குள் வந்தன. வால்சந்த் ஹீராசந்த் கப்பல் ஓட்டிய அனுபவத்தோடு 1941இல் விசாகப்பட்டினத்தில் தளம் அமைக்கப் போனார். இப்படிப் பார்த்தால் மலைநாட்டுக்கு இந்த வரலாற்றில் இடமே இல்லை. ஊட்டி ஏரியில் ஓடும் படகுகள் சுற்றுலாவின் கதை, தொழிலின் கதையல்ல. ஆனால் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை ஆலைகளின் எந்திரங்களைத் தொடர்ந்து போனால் வேறொரு பாதை தென்படுகிறது. தென்னிந்திய டீ பாக்டரிகளுக்கு நன்கு பழக்கமான பெயர் 'மார்ஷல், கெய்ன்ஸ்பரோ'. அந்தப் பெயருக்குரிய ஆலைதான் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்கு நீர்மூழ்கிப் படகு கட்டிக் கொடுத்தது. படகை ஈன்றது துறைமுகம் அல்ல, தகடு வளைக்கும் பட்டறை என்பதும், சமாதான காலத்தில் அந்தப் பட்டறைக்குச் சோறு போட்டவர்களில் தேயிலைத் தோட்டங்கள் முக்கியமானவை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ட்ரென்ட் ஆற்றங்கரை ஊரான கெய்ன்ஸ்பரோவில், ஆலை எந்திரங்களைச் செய்தும் பழுதுபார்த்தும் வந்த ஒரு சிறு பட்டறையை 1848இல் வில்லியம் மார்ஷல் விலைக்கு வாங்கினார். அவர் 1861இல் இறந்தபோது தொழில் மகன்கள் ஜேம்ஸ், ஹென்றி கைக்கு வந்தது. மறு ஆண்டே அது வரையறுக்கப்பட்ட கம்பெனி ஆனது. அவர்களின் பிரிட்டானியா இரும்பாலை புகழ்பெற்றது இழுத்துச் செல்லக்கூடிய நீராவி எஞ்சின்களால்: சக்கரங்களின் மேல் ஒரு பாய்லர், அதன் முதுகில் எஞ்சின். கதிரடிக்கும் களத்துக்குச் செய்த இந்தச் சரக்கு, ரயில் போகாத இடத்துக்கும் மாட்டைப் பூட்டி இழுத்துப் போகக்கூடியது என்பதால் காலனி நாடுகளில் நன்றாக விலைபோனது. அசாமில் தேயிலை எந்திரங்களை வடிவமைத்துக்கொண்டிருந்த வில்லியம் ஜாக்சன், பிரம்மபுத்திராவில் தம் படகு மணல்திட்டில் தட்டி நின்றபோது கரையில் இப்படியொரு எஞ்சினைக் கண்டு, அதில் பொறித்திருந்த பெயரை மனத்தில் குறித்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. கதையில் எவ்வளவு உண்மையோ, விளைவு உண்மை. 1872இல் தம் முதல் உருட்டும் எந்திரத்தை நிறுவிய ஜாக்சனின் வடிவமைப்புகள் பின்னர் பல பத்தாண்டுகள் மார்ஷல் ஆலையிலேயே உருவாயின.

ஜாக்சனின் ரோலரை ஒருமுறை கூர்ந்து பார்த்தால் போதும், அது எத்தகைய பட்டறையின் வேலை என்பது விளங்கிவிடும். அடியில்லாத வட்டப் பெட்டி ஒன்று, வரிவரியாகச் சட்டங்கள் பதித்த மேசையின் மேல் மையம் விலகிச் சுழலும். வாடிய கொழுந்து பெட்டிக்குள் மூடியின் அழுத்தத்தில் புரண்டு முறுக்கேறி, சாறு கசிந்து, கீழே மேசையில் உருளும். சிறு பிசகு நேர்ந்தாலும் இலை முறுக்கேறாது, நசுங்கும். அடுத்த கட்டமான, இலை உலர்த்தும் டிரையருக்கு வேண்டியது காற்றுக் கசியாத தகட்டுக் கூடும் சீரான சூடும். இரண்டையும் ஓட்ட பாய்லர் வேண்டும். ஆக வார்ப்பு, கடைசல், தகடு வளைத்தல், தறைதல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும். கையால் உருட்டிய காலத்தில் ஒரு பவுண்டு தேயிலைக்கு 11 பென்ஸ் ஆன தயாரிப்புச் செலவு, 1913 வாக்கில் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கியதாக வில்லியம் யூக்கர்ஸின் தேயிலைத் தொகுப்பு கூறுகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கு எந்திரம் செய்தவர்களுக்கும் போனது.

நீலகிரி இந்தச் சந்தைக்குள் தாமதமாகவே வந்தது. கேத்தி அரசுத் தோட்டத்தில் 1830களில் நட்டுப் பார்த்த செடிகள் வணிகமாக மாறவில்லை. 1850களில் குன்னூரில் மான் என்பவர் போட்ட தோட்டமும் 1859இல் தொடங்கிய தயாஷோலா தோட்டமும்தான் உண்மையான தொடக்கம். காப்பி சரிந்த பிறகே தேயிலை மலையெங்கும் பரவியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைரயில் வந்தது 1899இல். ஊட்டியை எட்டியது 1908இல். அதற்கு முன் வந்த கனரக எந்திரம் எதுவும் மாட்டு வண்டியில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். கழற்றி ஏற்றி, மேலே கொண்டுபோய்ப் பூட்டும் விதமாக அமைந்த சரக்குக்கே இங்கே மதிப்பு. கழற்றிப் பூட்டக்கூடிய கனமான பொருளைத் துல்லியமாகச் செய்வது மார்ஷல் ஆலையின் அன்றாடப் பழக்கம் ஆயிற்று. அளவில் அசாமுக்கு முன் நீலகிரி சிறு வாடிக்கையாளர்தான். இருந்தாலும் அசாம், இலங்கை, தென்னிந்தியா என்று ஆர்டர்கள் சிதறியிருந்ததில் ஒரு நன்மை இருந்தது: ஓரிடத்துத் தேவை சுருங்கினாலும் பட்டறை முற்றிலும் சும்மா இருக்கவில்லை.

இனி படகு. 1943 செப்டம்பரில் நார்வேயின் கடற்கழியில் நின்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் டிர்பிட்ஸைச் சிறு நீர்மூழ்கிகள் தாக்கி முடக்கின. 'எக்ஸ்' வகை எனப்பட்ட அந்தப் படகுகள் விக்கர்ஸ் தளத்தில் உருவானவை. அடுத்த ஆறு படகுகளைக் கட்டும் வேலை மூன்று ஆலைகளுக்கு ஆளுக்கு இரண்டாகப் பிரிந்தது: ஹடர்ஸ்ஃபீல்டின் பிராட்பென்ட், செஸ்டர்ஃபீல்டின் மார்க்கம், கெய்ன்ஸ்பரோவின் மார்ஷல். மார்ஷல் பங்குக்கு வந்தவை எக்ஸ்-24, எக்ஸ்-25. ஏறத்தாழ 51 அடி நீளம், 27 டன் எடை. நால்வர் இருக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. உள்ளே லண்டன் பேருந்துகளில் ஓடிய வகையைச் சேர்ந்த 42 குதிரைத்திறன் கார்ட்னர் டீசல் எஞ்சின். இரு விலாவிலும் தலா இரண்டு டன் வெடிமருந்து. எக்ஸ்-24 இரண்டு முறை பெர்கன் துறைமுகத்துக்குள் நுழைந்தது. 1944 ஏப்ரலில் இலக்கான மிதவைத் தளத்துக்குப் பதில் பக்கத்தில் நின்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது; செப்டம்பரில் திரும்பிப் போய்த் தளத்தையே மூழ்கடித்தது. இன்று அது கோஸ்போர்ட் நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கெய்ன்ஸ்பரோவும் ஆற்றுத் துறைதானே, கரை இல்லாமல் படகு எப்படி என்று ஒருவர் கேட்கலாம். மற்ற இரண்டு ஆலைகளும் இதற்குப் பதில் சொல்கின்றன. பிராட்பென்ட் துணியாலைகளுக்கு நீர்பிழியும் எந்திரம் செய்தவர்கள். மார்க்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குத் தூக்கு எந்திரம் செய்தவர்கள். இரு ஊர்களும் கடலுக்குத் தொலைவு. துணி, நிலக்கரி, தேயிலை என்ற மூன்று வாடிக்கைகள் வளர்த்த பட்டறைகளைக் கடற்படை தேடிப் போனது என்றால், அது தேடியது துறையை அல்ல. கட்டி முடித்த படகு ரயிலில் போகக்கூடிய அளவுதான்.

இதைவிட வலுவான மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்தது. பாய்லரில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது; நீர்மூழ்கியில் வெளியிலிருந்து உள்ளே. பாய்லரின் வட்டத்தில் சிறு கோணல் இருந்தால் உள்ளழுத்தமே அதை வட்டமாக்கப் பார்க்கும். நீர்மூழ்கியில் அதே கோணல் ஆழம் போகப் போகப் பெருகி உடலையே நசுக்கிவிடும். எனவே பாய்லர் செய்தவன் நீர்மூழ்கி செய்துவிடுவான் என்று சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது என் வாதத்தைக் குலைப்பதைவிடக் கூர்மையாக்குகிறது. கடற்படை கொடுத்தது வரைபடம். பட்டறை கொடுக்க வேண்டியிருந்தது அளவு தவறாத கை. முறுக்கு பிசகாத ரோலரும் கசியாத டிரையரும் செய்து பழகிய இடத்தில் அந்தக் கை இருந்தது. புதிதாகக் கற்க வேண்டியது இருந்திருக்கும். அடித்தளத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை.

படகு கட்டிய நாளில் மார்ஷல் குடும்ப நிறுவனமே அல்ல என்பது மூன்றாவது மறுப்பு. சரி. நீராவியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. நீலகிரியிலேயே 1932இல் பைக்காரா மின்சாரம் ஓடத் தொடங்கிவிட்டது. நெருக்கடியில் விழுந்த ஆலையை 1936இல் ஷெஃபீல்டின் தாமஸ் வார்டு கம்பெனி வாங்கியது. வார்டு கம்பெனியின் பெயர்பெற்ற தொழில் பழைய கப்பல்களை உடைப்பது. படகு கட்டும் ஆர்டர் கப்பல் உடைப்பவர் கைக்கு வந்த வேடிக்கையை வரலாறு தானே எழுதிக்கொண்டது. ஆனால் உரிமை மாறியதால் பட்டறையும் பயிற்சி பெற்ற தொழிலாளரும் மாறிவிடவில்லை. குடும்பம் கட்டியது பட்டறையை. பட்டறை கட்டியது படகை.

நமக்கு நெருக்கமான ஒப்பீடு கண்டியில் கிடைக்கிறது. 1854இல் ஜான் வாக்கர் அங்கே தொடங்கிய வாக்கர் சன்ஸ், காப்பித் தோட்டங்களுக்கு எந்திரம் செய்து, தேயிலைக்கு மாறி, கொழும்புக்கு இறங்கித் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனமாயிற்று. மலைத்தோட்டம் வளர்த்த பட்டறை கடலைச் சென்றடைந்த அதே போக்கு. ஆனால் வாக்கருக்குத் துறைமுகம் தினசரி வாடிக்கை, மார்ஷலுக்கு நீர்மூழ்கி போர்க்கால வேலை. போருக்குப் பின் மார்ஷல் டிராக்டருக்கும் சாலை உருளைக்கும் திரும்பியது. 1980களில் கெய்ன்ஸ்பரோ ஆலை மூடப்பட்டு, 2007இல் அதே கட்டடங்கள் கடைவீதியாகத் திறந்தன. நீலகிரியிலோ கண்டியைப் போல இப்படியொரு பட்டறை முளைக்கவே இல்லை. எந்திரம் கெய்ன்ஸ்பரோவில் உருவாகிக் குன்னூருக்கு வந்தது. இங்கே நின்றது பூட்டும் வேலையும் பழுது பார்க்கும் வேலையும்தான். தகடு வளைக்கும் பெரிய பட்டறைக்குத் தேவையான முதலும் ஆர்டரும் மலையேறவில்லை. பிற்காலத்தில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. எந்திரங்கள் பரவியபோது தோட்டங்கள் சமவெளி ஊர்களின் ஆலைகளை நாடின. அந்த ஆர்டர்களும் மலையில் ஒரு பட்டறையை எழுப்பவில்லை.