திண்ம முன்னச்சு மாற்றம்

திண்ம முன்னச்சு மாற்றம் என்பது, நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியின் சார்பற்ற முன் சஸ்பென்சனை அகற்றிவிட்டு, இரு முன்சக்கரங்களையும் ஒரே உறுதியான கூட்டினால் இணைக்கும் அச்சைப் பொருத்துவதாகும். ஐக்கிய அமெரிக்காவில் பாறைத் தடங்களில் பிக்கப் வண்டி ஓட்டுவோரிடையே இம்மாற்றம் நன்கு அறியப்பட்டது. அதே வண்டியில் நாள்தோறும் வேலைக்குச் செல்வோருக்கு இது பொருந்துமா என்பது தனியே ஆராய வேண்டியதாகும்.

பின்னணி

டொயோட்டா நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவில் விற்ற நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பில் 1985 மாதிரி வரை திண்ம முன்னச்சு இருந்தது. 1986 மாதிரியில் முறுக்குத் தண்டுகளுடன் கூடிய சார்பற்ற சஸ்பென்சன் வந்தது. செவர்லேயின் கே வரிசைப் பிக்கப்புகள் 1988 மாதிரியில் இவ்வாறே மாறின. இதனால் சாலைப் பயணம் மென்மையானது. எனினும் பாறைத் தடங்களை விரும்பியோர், பழைய வண்டிகளின் அச்சுகளையோ டானா 44, டானா 60 போன்ற அச்சுகளையோ புதிய வண்டிகளில் பொருத்தலாயினர்.

நன்மைகள்

திண்ம அச்சில் ஒரு சக்கரம் பாறைமீது ஏறும்போது மறுசக்கரம் கீழ்நோக்கி அழுத்தப்படுகிறது. எனவே இரண்டும் தரையைப் பற்றி நிற்கும். டிபரன்சியல் கூடு சக்கரங்களுடன் சேர்ந்தே உயர்வதால், அதற்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி பெரிதும் குறைவதில்லை. சார்பற்ற அமைப்பில் டிபரன்சியல் சட்டகத்துடன் பிணைந்திருப்பதால், வண்டி அமுங்கும்போது அந்த இடைவெளியும் சுருங்கும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

* டிபரன்சியல், டிரான்ஸ்பர் கேசின் முன் வெளியீடு உள்ள பக்கத்திலேயே அமைய வேண்டும்.
* முன், பின் அச்சுகளின் கியர் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னே 4.10, பின்னே 4.88 என இருப்பின், நான்கு சக்கர இயக்கத்தில் உறுப்புகள் ஒன்றையொன்று இழுத்து முறிய நேரிடும்.
* திசைதிருப்பும் அச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணம் போதிய அளவு இல்லையெனில், திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேராவதில்லை.
* சுருள் வில் அமைப்பில், அச்சைப் பக்கவாட்டில் நிறுத்தும் தண்டும் ஸ்டீயரிங் இழுதண்டும் ஏறத்தாழ ஒரே நீளத்திலும் இணையாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் மேடுபள்ளங்களில் வண்டி தானே திசைமாறும்.
* சட்டகத்தில் வெல்டிங் செய்யும் தாங்கிகள் முன்னச்சின் முழு விசையையும் ஏற்கின்றன. அவை பெயர்ந்தால் ஓட்டுநர் வண்டியின் கட்டுப்பாட்டை இழக்கக்கூடும்.

அன்றாடப் பயன்பாட்டில் விளைவுகள்

அச்சுக் கூடு, டிபரன்சியல் ஆகியவற்றின் எடை ஸ்பிரிங்குகளுக்குக் கீழே அமைவதால் சாலை அதிர்வு மிகுதியாகும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறுசக்கரமும் சாயும். உயரம் கூட்டப்பட்ட வண்டி கவிழும் வாய்ப்பும் அதிகம்.

இதனினும் கடுமையானது, ஓட்டுநர்கள் "மரண ஆட்டம்" எனப் பொருள்படும் பெயரால் அழைக்கும் நடுக்கமாகும். புஷ்களும் தண்டு முனைகளும் தேய்ந்திருந்தால், நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு சிறு மேடுகூட முன்சக்கரங்களைக் கட்டுக்கடங்காமல் ஆட்டிவிடும். வேகத்தை மெல்லக் குறைத்தாலன்றி இது பெரும்பாலும் அடங்குவதில்லை. ஸ்டீயரிங் டேம்பர் இதனை மறைக்குமேயன்றிக் காரணத்தை நீக்காது.

2012 மாதிரி முதல் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்படும் இலகுரக வண்டிகளுக்கு மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமாகும். அது மூல வடிவமைப்புக்கு ஏற்ப அளவிடப்பட்டது. சக்கர வேக உணரிகளையும் சார்ந்தது. எனவே அச்சு மாற்றத்துக்குப் பின் அது சரிவர இயங்கும் என நம்ப இயலாது. வண்டியின் உயரம் பற்றிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன.

முடிவெடுத்தல்

மூலத் தாங்கிகளை வெட்டியெடுத்தபின் பழைய நிலைக்குத் திரும்புவது மிகக் கடினம். வேலை முடியும்வரை வண்டி ஓடாது. முடிந்தபின்னும் இணைப்புகளைத் தவறாது சோதிக்க வேண்டும். ஆகவே வேறொரு வண்டி இல்லாதவருக்கும், நாள்தோறும் நெடுஞ்சாலையில் செல்பவருக்கும் இம்மாற்றம் பொதுவாகப் பொருந்தாது. கடினமான பாறைத் தடங்களுக்கு அடிக்கடி செல்பவரும், வெல்டிங்கிலும் ஸ்டீயரிங் வடிவியலிலும் தேர்ந்தவரின் உதவி உடையவரும் இதனைக் கருதலாம்.

எப்போதாவது தடங்களுக்குச் செல்பவருக்கு, தக்க டயர்களும் டிபரன்சியல் பூட்டும் பெரும்பாலும் போதுமானவை. திண்ம முன்னச்சே வேண்டுமெனில், தொழிற்சாலையிலேயே அதனுடன் வடிவமைக்கப்பட்ட ராம் 2500 அல்லது 2020 மாதிரியாக வந்த ஜீப் கிளாடியேட்டர் போன்ற பிக்கப்பை வாங்குவது மற்றொரு வழியாகும்.