கேள்விச் செல்வமும் எமது கரையும்

கடல்நீர் ஏன் உப்பாயிற்று? நிலவு காலத்தில் வலையில் மீன் ஏன் குறைகிறது? எமது ஊருக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது? இத்தகைய வினாக்கள் எழாத உள்ளமே இல்லை எனலாம். சிறுவயதில் இவற்றைப் பெற்றோரிடம் கேட்கிறோம். சிறிது வளர்ந்தபின் ஆசிரியரிடம் கேட்கிறோம். அவர்களும் விடை அறியாதவிடத்து என்ன செய்வது? முன்பின் அறியாத ஒருவரிடம் கேட்பதே எஞ்சிய வழி. மனிதர் இவ்வழியை எவ்வெக்காலத்தில் எவ்வாறு கையாண்டனர், அவ்வரலாற்றில் எமது புத்தளக் கரைக்குள்ள பங்கு யாது என்பனவற்றை இச்சிறு கட்டுரையில் நோக்குவாம்.

"அந்நியரிடம் போய் எமது அறியாமையைக் காட்டுவதா?" என்று கருதும் பெரியோர் எம்மிடையே உளர். கேட்டால் நகைப்பார்களோ என்று வாய்மூடியிருக்கும் இளைஞரோ இன்னும் பலர். இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை வரலாறே கூறட்டும்.

பொய்கைக் கரையில் எழுந்த குரல்

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தபின் கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கற்க வாய்ப்பில்லாதவனும் கேட்டறியலாம் என்பது முன்னோர் துணிபு. பாரதக் கதையை அறிந்தோர்க்கு யட்சன் வினாவிய வரலாறு புதிதன்று. வில்லிபாரதம் அதனை நச்சுப்பொய்கைச் சருக்கம் எனப் பாடுகிறது. வனவாசத்தில் நீர்வேட்கையுற்ற பாண்டவர் ஒரு பொய்கையை அடைகின்றனர். "என் வினாவுக்கு விடை கூறிய பின்னரே நீர் பருகுக" என்று உருவம் தெரியாத ஒரு குரல் தடுக்கிறது. அதனைப் பொருட்படுத்தாத தம்பியர் நால்வரும் வீழ்ந்தனர். தருமர் ஒருவரே நின்று பொறுமையோடு விடையிறுத்தார், தம்பியரையும் மீட்டார்.

உடப்பில் ஆண்டுதோறும் திரௌபதையம்மன் ஆலயத்துத் தீமிதியைக் கண்டு வளர்ந்த எமக்கு இக்கதை வெறுங்கதையன்று. குரலுக்குரியவர் யாரென்று தெரியாதபோதும் வினாவை மதித்தவர் தருமர். அந்நியர் வாயிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு வினாவையோ விடையையோ தள்ளலாகாது என்பது இதிற் பெறப்படும் படிப்பினை.

புத்தளம் கண்ட யாத்திரிகர்

இனி எமது கரைக்கு வருவோம். 1344ஆம் ஆண்டில் மொறோக்கோ தேசத்து யாத்திரிகர் இபின் பதூதா மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரை நோக்கிக் கப்பலேறினார். காற்று அவரது கப்பலை இலங்கைப் பக்கம் தள்ளிவிட்டது. அவர் இறங்கிய ஊரின் பெயரைப் 'பத்தாலா' என்று குறித்துள்ளார். அதுவே எமது புத்தளம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த அழகிய சிறு பட்டினம் என்றும், வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தன என்றும் அவர் வருணிக்கிறார்.

அப்பொழுது அங்கிருந்த அரசர் ஆரியச்சக்கரவர்த்தி. அவர் பாரசீக மொழி அறிந்தவர். வந்தவர் பிறதேசத்தவர், பிறசமயத்தவர், காற்றின் வசத்தால் கரை ஒதுங்கியவர். அவரை அரசர் அருகிருத்திப் பிறநாட்டு மன்னர்களையும் தேசங்களையும் பற்றி வினாவி வினாவிக் கேட்டார். அரசர் முன்னிலையில் முத்துக்கள் தரம் பிரிக்கப்பட்டுக் கொண்டிருந்தன. "நீர் கண்ட நாடுகளில் முத்துக்குளிப்பு உண்டா? இவற்றுக்கு ஒப்பான முத்துக்கள் அங்கே உளவா?" என்பது அரசர் வினா. முத்துக்குளிக்கும் இடங்களைக் கண்டதுண்டு, இவைபோன்ற முத்தைக் கண்டதில்லை என்பது யாத்திரிகர் விடை. மகிழ்ந்த அரசர் அம்முத்துக்களை அவருக்கே அளித்து, "வேண்டியதைக் கூச்சமின்றிக் கேளும்" என்றார்.

யாத்திரிகர் பொன் கேட்கவில்லை. பாவா ஆதம் மலை எனப்படும் சிவனொளிபாத மலையைக் காணவேண்டும் என்றார். அரசர் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் தோழர் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினார். ஓர் இசுலாமிய யாத்திரிகருக்கு வழிகாட்டியவர்கள் சைவ அரசர் அனுப்பிய யோகியரும் பிராமணருமே. இவ்விருவரும் ஒருவரை ஒருவர் வினாவியிராவிடின், 1355ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பெற்ற அவரது பயண நூலில் அக்காலப் புத்தளத்தின் இச்சித்திரம் இடம்பெற்றிராது. எமது ஊரின் பழைய தோற்றத்தை நாம் இன்று ஓர் அந்நியர் வாயிலாகவே அறிகிறோம்.

கற்பிட்டி தந்த அறிஞர்

ஒல்லாந்தர் காலத்தில், 1765 முதல் 1785 வரை தேசாதிபதியாயிருந்த பல்க் என்பவர் பௌத்த சமயத்தைப் பற்றிய வினாக்களைக் கண்டி இராச்சியத்துப் பிக்குமாருக்கு விடுத்து விடை பெற்றார். அவ்விடைகள் 1833இல் ஆங்கிலத்தில் அச்சேறின. ஆளவந்தவரும் கேட்டே அறியவேண்டியிருந்தது.

அதற்கடுத்த ஆண்டில், 1834இல், எமது கரையிற் பிறந்த ஒரு தமிழரின் நூல் வெளிவந்தது. அவர்தாம் சைமன் காசிச்செட்டி. 1807இல் கற்பிட்டியிற் பிறந்தவர். புத்தளத்தில் அரசாங்க உத்தியோகம் வகித்தவர். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாயிருந்தவர். பிற்காலத்திற் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றியவர். இலங்கையின் மாகாணங்கள், பட்டினங்கள், கிராமங்கள், ஆறுகள், குளங்கள் முதலியவற்றை அகரவரிசையில் விவரிக்கும் 'இலங்கை கசற்றியர்' என்னும் நூலை அவர் வெளியிட்டபோது வயது இருபத்தேழு. இச்சங்கத்து அங்கத்தவர் பலருடைய வயது அதுவே.

இரயில் இல்லாத காலம். நல்ல தெருக்களும் அரிதாயிருந்த காலம். நாட்டின் ஒவ்வொரு மூலையைப் பற்றியும் எழுதும் நூலைப் பிறரைக் கேளாமல் தனித்திருந்து எழுதுதல் இயலாது. காசிச்செட்டிக்குப் பல மொழிகள் தெரியும். ஒருவர் பல மொழி கற்பது பலரிடம் கேட்பதற்கே உதவும் என்பதற்கு அவர் வாழ்வு நல்ல சான்று.

1859இல் 'தமிழ்ப் புளூட்டாக்' என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் ஏறக்குறைய இருநூற்றுவரின் வரலாறுகள் அதிலுள்ளன. கிறித்தவராகிய அவர், சைவ, வைணவ, சமணப் புலவர்களை வேற்றுமையின்றிச் சேர்த்தார். மிஷன் பாடசாலையிற் கற்ற எனக்கு இது தனி ஊக்கம் அளிப்பதாகும். பள்ளியில் கேட்ட கேள்விக்கு வீட்டிலும், வீட்டில் எழுந்த ஐயத்துக்குப் பள்ளியிலுமாக விடை தேடிய மாணவர் எம்மிடையே பலர். சமய வேறுபாடு அறிவுக்குத் தடையாகாது என்பதை எமது ஊரவர் ஒருவரே செய்து காட்டியுள்ளார்.

அவரிடத்துக் குறையும் உண்டு. செவிவழிக் கதைகளையும் அவர் தம் நூலிற் சேர்த்துக்கொண்டார். அவர் கூறிய காலக் கணக்குகள் பலவற்றைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் ஏற்கவில்லை. எனினும் அவர் எழுதிவைத்தமையாலன்றோ பின்வந்தோர் திருத்த முடிந்தது? 1886இல் ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை அந்நூலை ஆதாரமாகக் கொண்டு, நானூறுக்கு மேற்பட்ட புலவர்களைக் கூறும் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். ஒருவர் கேட்டு எழுதினார்; மற்றவர் திருத்தி வளர்த்தார். காசிச்செட்டி 1860இல் மறைந்தார். அவர் தொடங்கியது மறையவில்லை.

அச்சு வந்தபின்

முகமறியாதவரிடம் எழுத்து மூலம் கேட்கும் வழக்கம் அச்சு இயந்திரத்தால் விருத்தியடைந்தது. 1691இல் இலண்டன் நகரில் யோன் டண்டன் என்னும் புத்தக வியாபாரி ஒரு பத்திரிகை தொடங்கினார். எவரும் பெயர் கூறாது வினா அனுப்பலாம், பெண்களும் அனுப்பலாம். 'அதீனியச் சங்கம்' என்னும் அறிஞர் குழு விடை கூறும் என அறிவிக்கப்பட்டது. வினாக்கள் குவிந்தன. ஆனால் அப்பெருஞ் சங்கத்தில் உண்மையில் இருந்தவர்கள் டண்டனும், கணித ஆசிரியர் ஒருவரும், பாதிரியார் ஓரிருவருமே! அப்பாதிரியாருள் ஒருவர், மெதடிஸ்த சபையைத் தோற்றுவித்த யோன் வெஸ்லியின் தந்தையார். பத்திரிகை 1697 வரை நடந்தது.

1849இல் அதே நகரில் வில்லியம் தோம்ஸ் என்பவர் வேறொரு முறையை மேற்கொண்டார். அவரது சஞ்சிகையில் வாசகர் கேட்பர்; வாசகரே விடை எழுதுவர். எல்லாம் அறிந்த சங்கம் எதுவும் இல்லை. ஒருவர் அறியாததை மற்றொருவர் அறிவார் என்பதே அதன் அடிப்படை. 1879இல் ஆங்கில அகராதி தொகுத்த ஜேம்ஸ் மறே பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நூல்களைப் படித்துச் சொல்லாட்சிகளை எழுதி அனுப்புமாறு கேட்டார். ஆயிரக்கணக்கில் அனுப்பி உதவியவருள் ஒருவர் மனநோயாளர் சிறைமனையில் அடைபட்டிருந்தவர். அறிவு எவ்விடத்திலிருந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாரால் முடியும்?

தமிழிலும் இம்மரபு வளர்ந்தது. 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்து, வாசகர் கடிதங்களுக்கும் விவாதங்களுக்கும் இடமளித்தது. 1947இல் சென்னையில் தோன்றிய 'குமுதம்' இதழின் 'அரசு பதில்கள்' கடல் கடந்து இங்கும் படிக்கப்பெற்றன. 'அரசு' ஒருவர் என்றே பலர் நம்பினர். அண்ணாமலை, ரங்கராஜன், சுந்தரேசன் என்னும் மூவர் பெயரின் எழுத்துக்களே அவை என்பர். எழுத்தாளர் சுஜாதா 'ஜூனியர் விகடன்' இதழில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்னும் பகுதியில் வாசகரின் விஞ்ஞான ஐயங்களைத் தெளிவித்தார். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோர் கூடிக் கலந்துரையாடும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். பண்டைக்காலத்தில் ஊரவர் மட்டுமே கூடிய ஆலமரத்தின் கீழ் இன்று உலகெங்குமுள்ள தமிழர் ஒருவரையொருவர் காணாமலே கூடுகின்றனர்.

எம்முன் உள்ள கடமை

இவ்வளவு வசதி இருந்தும் ஒரு குறை தீரவில்லை. எமது ஊர்ச் செய்திகள் யாவற்றுக்கும் வெளியூரார் விடை கூற முடியுமா? சென்ற விடுமுறையில் ஒரு மாலை, கரைவலை வாடியில் முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். வலை இழுக்கும்போது பாடும் அம்பாவில் வரும் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டேன். அவர் சிறிது நேரம் கடலைப் பார்த்தபடி இருந்தார். பின்பு, "எங்கட பெரியப்பாவுக்குத்தான் தம்பி அது தெரியும். நானும் அவர்கிட்டக் கேக்காம விட்டுட்டன்" என்றார். அப்பெரியப்பா காலமாகி நெடுநாளாயிற்று. அச்சொல்லை நூல்களில் தேடினேன், கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான கைகள் வலித்த வலையை உழவு இயந்திரம் இழுக்கும் இடங்களில் அம்பாவுக்கே தேவையற்றுப் போகிறது. பாட்டுப் போனால் சொல் போகும். சொல் போனபின் அதனைப் பற்றிக் கேட்கும் வினாவும் எவருக்கும் எழாது.

புத்தளம் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். புதிய அளம், அதாவது புதிய உப்பளம், என்பதன் திரிபு என்பர் சிலர். வேறு விளக்கம் கூறுவாரும் உளர். அவரவர் கூறுவதை யார் கூறினார், எப்போது கூறினார் என்ற குறிப்போடு எழுதி வைத்தாலன்றோ பின்வருவோர் ஒப்பிட்டு உண்மை காண்பர்?

ஆகையால் சங்கத்துக்கு ஒரு பணிவான வேண்டுகோள். எமது வாசிகசாலையில் ஒரு வினா ஏடு திறக்கப்படுதல் வேண்டும். சிறுவர் முதல் முதியோர் வரை எவரும் அதில் வினா எழுதலாம். எழுதத் தெரியாத முதியோருக்கு இளைஞர் எழுதிக் கொடுக்கலாம். விடை கூறுவோர் பெயரும், ஊரும், நாளும் குறிக்கப்படவேண்டும். முந்தல், சிலாபம், கற்பிட்டி, புத்தளம் என்னும் ஊர்களிலுள்ள சிங்கள, முஸ்லிம், கிறித்தவ அன்பர்களிடமும் ஏட்டைக் கொண்டுசென்று கேட்கலாம்; மீனும் உப்பும் காற்றும் எல்லார்க்கும் பொது. ஒன்றுக்கு இரு விடை வந்தால் இரண்டையும் எழுதுவோம். விடை தெரியாதவிடத்து 'அறியோம்' என்று எழுத நாணவேண்டியதில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் கூறுவதே பழுது. அடுத்த ஆண்டு மலரில் அவ்வேட்டிலிருந்து சிறந்த பத்து வினாவிடைகளையேனும் பிரசுரிக்கலாம்.

பெரியோர்களே, இளைஞர் கேட்கும்போது சலியாது கூறுங்கள். தோழர்களே, நாளைக்கு என்று வைத்திருக்கும் கேள்வியை இன்று மாலையே சென்று கேளுங்கள். முதல் வினாவாக, எனக்கு விடை கிடைக்காத அந்த அம்பாச் சொல்லை நான் எழுதுகிறேன். அறிந்தவர் எவரேனும் இக்கரையில் இன்னும் இருக்கக்கூடும்.