உஃபே எல்லமன்-யென்சன்

உஃபே எல்லமன்-யென்சன் (1 நவம்பர் 1941 – 18 ஜூன் 2022) டென்மார்க்கின் தொலைக்காட்சி அரசியல் செய்தியாளர்; பின்னாளில் பத்தாண்டுகளுக்கு மேல் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர். இவருடைய தந்தையும் பத்திரிகையாசிரியராக இருந்து நாடாளுமன்றம் புகுந்தவர். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்த உஃபே, நாளிதழ் ஒன்றில் தொழில் பழகினார்.

1970 முதல் 1975 வரை டிஆர் தொலைக்காட்சியில் அரசியல், பொருளாதாரச் செய்திகளைக் கவனித்தார். நாட்டில் அப்போது இருந்ததே அந்த ஒரு தொலைக்காட்சி நிறுவனம்தான். போட்டியாக டிவி 2 வந்தது 1988இல்தான். அதனால் இவர் முகம் வீடுதோறும் அறிமுகமானது. செய்திக்கும் பஞ்சமில்லை: 1972 அக்டோபரில் 63 சதவீதத்தினர் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர வாக்களித்தனர், 1973 டிசம்பர் தேர்தலில் நாடாளுமன்றக் கட்சிகள் ஐந்திலிருந்து பத்தாயின. சிக்கலான விஷயத்தைச் சுருக்கமாக, நறுக்கென்று சொல்லும் திறன் இந்த வேலையில் கூர்மைப்பட்டது. அரசியலில் இவரது பெரும்பலம் அதுவே.

பொருளாதார நாளிதழ் ‘பர்சன்’ ஆசிரியர் பொறுப்புக்குப் பின், 1977இல் வென்ஸ்ட்ரே கட்சி சார்பில் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1982 செப்டம்பரில் பிரதமர் பவுல் ஷ்லூட்டர் அரசில் வெளியுறவு அமைச்சர். 1984இல் கட்சித் தலைவர்.

பதவியின் முதல் ஆறாண்டுகள் கடினமானவை. பாதுகாப்புக் கொள்கையில் எதிர்க்கட்சிகளுக்கே பெரும்பான்மை. அவை தீர்மானம் நிறைவேற்றும்போதெல்லாம், நேட்டோ கூட்டறிக்கையின் அடியில் டென்மார்க்கின் மாற்றுக்கருத்தைக் குறிப்பாகச் சேர்க்க வேண்டியிருந்தது. நேட்டோவை உறுதியாக ஆதரித்த எல்லமன்-யென்சனே அதைச் செய்ய நேர்ந்தது. அதற்கு ஈடுசெய்வதுபோல் அமைந்தது 1991 ஆகஸ்ட்: எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா நாடுகளுடன் தூதரக உறவை மீட்ட முதல் அரசுகளில் டென்மார்க்கும் ஒன்று. இவருடைய பணிகளில் தலையாயது இதுதான். மறு ஆண்டே, ஜெர்மன் அமைச்சர் கென்ஷருடன் சேர்ந்து பால்டிக் கடல் நாடுகள் மன்றத்தைத் தொடங்கினார்.

இவரது அமைச்சர் பதவி முடிந்த விதம் தமிழர்களோடு தொடர்புடையது. இலங்கைத் தமிழ் அகதிகளின் மனைவி மக்களை வரவழைக்கும் விண்ணப்பங்களை, நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் 1987 முதல் சட்டத்துக்குப் புறம்பாக முடக்கிவைத்திருந்தார். 1993 ஜனவரியில் நீதிபதி ஹார்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை வெளியானதும் ஷ்லூட்டர் பதவி விலகினார்; அமைச்சரவையே வெளியேறியது. 1995இல் நின்-ஹான்சனுக்கு நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏதிலிகளாக வந்த சிலரின் குடும்ப உரிமைக்காக ஓர் அரசு கவிழ்ந்தது அபூர்வம். டென்மார்க்கில் அது ‘தமிழர் வழக்கு’ என்றே வழங்குகிறது.

1995இல் எல்லமன்-யென்சனுக்கு நேட்டோ பொதுச்செயலாளர் பதவி கைநழுவியது. 1998 மார்ச் தேர்தலில் பிரதமர் பதவியை மயிரிழையில் தவறவிட்டு, கட்சித் தலைமையிலிருந்து விலகினார். மகன் யாகோப் 2019இல் அதே கட்சிக்குத் தலைவரானார்.