சிறை சென்ற சங்கம்

பிழைப்பு நாடித் தாயகம் விட்டுப் பெயர்ந்த தமிழர், சென்ற ஊரில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்ததும் காண்பது ஒரு சங்கம். விழா எடுக்கவும், பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கவும், புதிதாய் வந்தவர்க்கு வழி காட்டவும், துன்புற்றவர்க்குத் துணை நிற்கவும் அது பயன்படும். தலைவர், செயலாளர், பொருளாளர் எனச் சிலர் ஊதியமின்றி அதற்கு உழைப்பர். பகலெல்லாம் தம் தொழிலைக் கவனித்துவிட்டு மாலையில் சங்கப் பணிக்கு வருவர். இத்தகைய சங்கம் ஒன்றின் வாயிலில் உரிமைப் போர் வந்து நின்றபோது அது என் செய்தது என்பதை எடுத்துரைப்பதே நம் நோக்கம். தென்னாப்பிரிக்காவில், டிரான்ஸ்வாலின் பெருநகரான ஜோகன்னஸ்பர்க்கில் விளங்கிய தமிழர் நலச் சங்கமே நாம் குறிப்பிடும் சங்கம்.

தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகம் என்றதும் காந்தியடிகள் நம் நினைவுக்கு வருகிறார். அது முறையே. ஆயினும் ஒரு தலைவர் சொல்லும் சொல், தெருமுனையில் நின்று அதைச் செயலாக்கும் தொண்டர் இல்லையேல் காற்றோடு போகும். அந்தத் தெருமுனையில் நின்றவர் யாவர் என்று தேடினால் சிறு வணிகரும், கூடை சுமந்து விற்றோரும், அவர்தம் மனைவியரும் மக்களுமே காணப்படுகின்றனர்.

1906ஆம் ஆண்டில் டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்டம் கொண்டுவர முனைந்தது. அங்கு வாழும் ஆசியர் தம் பெயரைப் பதிந்து, விரல் ரேகை வைத்து, சான்றிதழ் பெற வேண்டும். காவலர் கேட்கும்போதெல்லாம் அதனைக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். குற்றவாளிகளைப் போல் தம்மை நடத்தும் இச்சட்டத்திற்குப் பணிவதில்லை என்று அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் நாடக அரங்கில் கூடிய இந்தியர் உறுதி பூண்டனர். 1907 ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகங்கள் ஊர் ஊராகத் திறக்கப்பட்டன. அவ்வலுவலகங்களுக்குச் செல்லும் வழிகளில் தொண்டர்கள் காவல் நின்றனர்.

ஜோகன்னஸ்பர்க்கில் இத்தொண்டர் படைக்குத் தலைமை தாங்கியவர் தம்பி நாயுடு. தமிழகத்திலிருந்து மொரீசுத் தீவில் குடியேறிய பெற்றோர்க்கு 1875இல் அங்கேயே பிறந்தவர். இளமையில் டிரான்ஸ்வாலுக்கு வந்தவர். பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாதவர். ஆயினும் தமிழுடன் தெலுங்கும் இந்துஸ்தானியும் ஆங்கிலமும் பேசவல்லவர். இந்தியாவை அதுவரை கண்ணால் கண்டதில்லை. எனினும் அதன்மீது அவர் கொண்ட பற்று அளவிறந்தது என்று காந்தியடிகள் எழுதியுள்ளார். அவருடைய முன்கோபத்தையும் அடிகள் மறைக்கவில்லை. கோபம் மிக்க அம்மனிதரே, பிறர் வைதாலும் பொறுக்க வேண்டிய ஒரு படையைக் கட்டி நடத்தினார் என்பது எண்ணி வியத்தற்குரியது.

அத்தொண்டர்க்கு வகுத்த விதிகள் நம் கருத்தில் நிற்க வேண்டியவை. பதிவு செய்யப் போகிறவரை வழிமறிக்கலாகாது, கடுஞ்சொல் கூறலாகாது, சட்டத்தின் தீமையை விளக்கும் அச்சுத்தாளைக் கொடுத்து, பணிவுடன் எடுத்துரைக்க வேண்டும். அதன் பின்னும் ஒருவர் பதிவு செய்யவே விரும்பினால் அவரைத் தீங்கின்றி அலுவலகத்துள் அழைத்துச் செல்லவும் தொண்டர் ஒருப்பட வேண்டும். காவலர் அடித்தாலும் அதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவர் முதலாக இப்பணியில் நின்றோர் உளர். டிரான்ஸ்வாலில் ஏறத்தாழ 13,000 இந்தியர் இருக்க, அரசு குறித்த கெடுவாகிய நவம்பர் இறுதிக்குள் பதிந்தவர் 500 பேரளவே. அச்சட்டத்தைச் செயலற்றதாக்கியது மேடைப்பேச்சு மட்டுமன்று. வாயிலில் நின்ற பொறுமையுமாகும்.

1908 ஜனவரியில் காந்தியடிகளும் அவருடன் வேறு சிலரும் சிறைப்பட்டனர். அவருள் தம்பி நாயுடுவும் ஒருவர். அம்மாத இறுதியில் அமைச்சர் ஸ்மட்ஸுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதற்கான கடிதத்தில் ஒப்பமிட்டவர் மூவர்: காந்தியடிகள், சீனர் சங்கத் தலைவர் லியுங் குவின், தம்பி நாயுடு. பிப்ரவரி 10ஆம் நாள், உடன்பாட்டின்படி தாமே முன்வந்து பதிவு செய்யச் சென்ற காந்தியடிகளை மீர் ஆலம் என்பவரும் அவர் துணைவரும் வழியில் தாக்கினர். உடன் சென்ற தம்பி நாயுடு இடையில் புகுந்து, அடிகள்மேல் விழுந்த அடிகளைத் தாமும் ஏற்றார்.

உடன்பாடு நிலைக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் வெளியில் பதிவுச் சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. போர் நீண்டது. செல்வர் சிலர் சோர்ந்து விலகினர். ஆண்டுகள் செல்லச் செல்லக் களத்தில் எஞ்சியவருள் தமிழரே மிகுதியாயினர். தமிழர் நலச் சங்கத்தின் தலைவராயிருந்த வி. ஏ. செட்டியார் முதுமையிலும் சிறை புகுந்தார். பின்னாளில் அச்சங்கத்தின் தலைமையை ஏற்ற தம்பி நாயுடு சிறைக்கும் வீட்டுக்குமாய் நடந்தார். சங்க நிருவாகிகள் சிறையிலிருக்கும் சங்கம் ஒன்றினை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விலை கொடுத்தவர் சிறை சென்றோர் மட்டுமல்லர். 1908இல் கணவர் சிறையிலிருந்த காலத்தே தம்பி நாயுடுவின் துணைவியார் வீரம்மாளுக்குக் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. 1909இல், ஆங்குக் குளிர் மிக்க ஜூலைத் திங்களில், சிறையினின்று விடுபட்ட நாகப்பன் என்னும் பதினெட்டு வயது இளைஞன் நுரையீரல் நோயால் இறந்தான். மறு ஆண்டு நாடு கடத்தப்பட்டவருள் ஒருவரான நாராயணசாமி, திரும்பி வந்தும் கரையிறங்க இடம் பெறாது, டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார். அவ்வாறு கடத்தப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்த ஏழைத் தொண்டர்க்கு உண்டியும் உறையுளும் தேடித் தந்தவர் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன். அவரும் ஊதியம் பெறாத் தொண்டரே.

சிறை சென்றோரின் குடும்பங்களைக் காப்பது பெருஞ்சுமையாயிற்று. அதன் பொருட்டே 1910இல் காலன்பாக் என்னும் ஜெர்மானிய நண்பர் தம் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி அளிக்க, டால்ஸ்டாய் பண்ணை எழுந்தது. உழுவதும் சமைப்பதும் செருப்புத் தைப்பதும் அங்கு வாழ்ந்தோரின் சொந்த உழைப்பே.

1913இல் போர் புதிய வடிவம் கொண்டது. ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்று காலம் முடிந்தோர், மீண்டும் ஒப்பந்தம் ஏற்காமலும் தாயகம் திரும்பாமலும் நேட்டாலில் தங்கின், ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்ட வேண்டியிருந்தது. கிறித்துவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்னும் பொருள்பட அவ்வாண்டு மார்ச்சில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இல்லறத்திற்கே இழுக்கு நேர்ந்தது கண்டு பெண்டிர் வெகுண்டெழுந்தனர். டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்கள் பதினொருவர் புறப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் தமிழர். அறுவர் கைக்குழந்தையுடன் சென்றனர். வீரம்மாளும் அவருள் ஒருவர்.

அவர்கள் அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதியை அடைந்தனர். தம்பி நாயுடுவும் அங்குச் சென்று தொழிலாளரிடையே பேசினார். மூன்று பவுன் வரியின் கொடுமையைத் தாய்மொழியில் பெண்கள் வாயிலாகக் கேட்ட தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பெண்டிர்க்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. வேலை துறந்தோர் நூறு நூறாய் வெளிவந்தபோது, அவ்வூரில் லாசரஸ் என்னும் தமிழ்க் கிறித்துவக் குடும்பம் தம் சிறு வீட்டைத் திறந்துவிட்டது. காந்தியடிகள் தங்கியதும் அவ்வீட்டிலேயே. இரண்டு மூன்று அறைகளே கொண்ட அவ்வீடு சத்திரமாயிற்று. நவம்பர் 6ஆம் நாள் எல்லை கடக்கப் புறப்பட்ட அணியில் ஆடவர் 2,037, பெண்டிர் 127, சிறுவர் 57 பேர் இருந்தனர். ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையாகிச் சில நாட்களில், 1914 பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு.

1914இல் இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது, திருமணங்கள் ஏற்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் விடைபெறும் வேளையில் ஜோகன்னஸ்பர்க் தமிழரிடையே பேசிய காந்தியடிகள், போரின் சுமையில் பெரும்பங்கைச் சுமந்தவர் தமிழரே என்றும், உயிர் நீத்தோரிலும் நாடு கடத்தப்பட்டோரிலும் அவரே மிகுதி என்றும் மனமுருகிக் கூறினார்.

வெற்றியை உள்ளவாறு கூறுதல் வரலாற்றின் கடன். நிலமும் வணிகமும் பற்றிய தடைகள் நீங்கவில்லை. மண்ணின் மக்களாகிய ஆப்பிரிக்கரின் உரிமை அவ்வுடன்பாட்டில் இடம்பெறவில்லை. அக்குறையை நிறைக்கும் பணி அடுத்த தலைமுறையை அடைந்தது. 1933இல் மறைந்த தம்பி நாயுடுவின் பேரர் இந்திரஸ் நாயுடு, எல்லா நிறத்தார்க்கும் உரிமை வேண்டிய போரில் 1963இல் சிறைப்பட்டு, ராபன் தீவில் பத்தாண்டு கழித்தார்.

ஒரு செய்தி நம் நெஞ்சை உறுத்துகிறது. 1913இல் புறப்பட்ட அப்பதினொருவரின் பட்டியலைக் காணுந்தோறும், பெரும்பாலோர் 'இன்னார் மனைவி' என்றே குறிக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். குழந்தையை இடுப்பிலேந்திச் சிறை புகுந்த அவருள் தம் சொந்தப் பெயரால் அதில் நிற்பவர் மிகச் சிலரே. வரலாற்றை ஆக்கியவர் வரலாற்றில் பெயரின்றி நிற்பது அவர் குற்றமன்று. ஏடு எழுதினோர் குறையே.

ஆதலின் நாம் கற்பன இரண்டு. சங்கம் என்பது விழாவன்று கூடிக் கலையும் கூட்டமன்று. அயலானுக்கு அநீதி நேருங்கால் சேர்ந்து நிற்கும் துணிவு அங்கேதான் பழக்கமாகிறது. நாற்காலி அடுக்கவும், கணக்கு எழுதவும், நோயுற்றவர் வீட்டிற்குச் சோறு கொண்டு செல்லவும் பழகியவரே இடுக்கண் வந்தபோது காவல் நிற்கவும் சிறை புகவும் வல்லராயினர். இது முதலாவது. நம் ஏடுகளில் உழைப்போர் பெயரை, சிறப்பாகப் பெண்டிர் பெயரை, அவரவர் சொந்தப் பெயராலேயே எழுதி வைத்தல் நம் கடன் என்பது இரண்டாவது. இவ்வாண்டு விழாப் பந்திக்கு அரிசி களைந்தவர் முதல் அரங்கைக் கூட்டிப் பெருக்கியவர் வரை அனைவர் பெயரும் சங்கக் குறிப்பேட்டில் ஏறட்டும். நாளை வரலாறு எழுத வருவோர் அவரைத் தேடி அலைய வேண்டாம்.