முதலில் கேட்பது எதற்காக?

உடல் நோயோடு வருபவரின் நாடியைப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றை அழுத்திப் பார்த்த பின்னரே மருத்துவர் மருந்து எழுதுகிறார். உள்ளம் நொந்து வருபவரை எவ்வாறு சோதிப்பது? உளச் சிகிச்சை தனித்துறையாக உருப்பெற்ற நாள் முதலாகவே இந்தக் கேள்வி அதனோடு தொடர்ந்து வருகிறது.

1904-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், வியன்னா மருத்துவர்கள் முன் உரையாற்றிய சிக்மண்ட் ஃபிராய்டு, நோயை மட்டும் பாராமல் நோயாளியின் முழு ஆளுமையையும் மதிப்பிட வேண்டும் என்றார். 1913-இல், சிகிச்சையைத் தொடங்கும் முறை பற்றி அவர் எழுதிய கட்டுரையில் இக்கருத்து ஒரு நடைமுறையாகவே வடிவம் பெற்றது. தமக்கு அதிகம் அறிமுகமில்லாத நோயாளியை முதலில் ஓரிரு வாரங்களுக்குத் தற்காலிகமாக மட்டுமே அவர் ஏற்றுக்கொள்வார். அந்நாள்களில் பெரும்பாலும் நோயாளியே பேசுவார்; பேச்சுத் தொடர்வதற்கு வேண்டிய அளவுக்கு மேல் மருத்துவர் எதையும் விளக்கமாட்டார்.

இதற்கு அவர் கூறிய காரணங்கள் இரண்டு. இம்முறை பொருந்தாது எனக் கண்டு நிறுத்த நேர்ந்தாலும், குணமடைய முயன்று தோற்றோம் என்னும் துயரம் நோயாளிக்கு மிஞ்சாது என்பது ஒன்று. நோயைச் சரியாக இனம் காணுதல் மற்றொன்று. எளிய மனக் கோளாறு போலத் தோன்றுவது மனச்சிதைவின் தொடக்கமாகவும் இருக்கலாம். பிழையாகக் கணித்தால் நோயாளியின் பொருள் வீணாகும், சிகிச்சை முறைக்கும் இழுக்கு நேரும். இக்காலத்தில் முதற்சந்திப்பின் பணி மேலும் விரிந்துள்ளது. தற்கொலை எண்ணம் உண்டா, தைராய்டு குறைபாடு போன்ற உடற்காரணம் ஏதேனும் சோர்வுக்குப் பின்னால் உள்ளதா என்பனவும் அங்கேயே ஆராயப்படுகின்றன.

எனினும், மதிப்பீடு எல்லை மீறும் ஆபத்தும் உண்டு. அமெரிக்க உளவியலார் கார்ல் ராஜர்ஸ் 1951-இல் வெளியிட்ட நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். தன்னைப் பற்றிய தீர்ப்பை வல்லுநரிடம் ஒப்படைத்துவிடும் மனிதர், தன்னைத் தானே அறியும் பொறுப்பையும் இழந்துவிடக்கூடும் என்பது அவரது அச்சம். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்றே நாம் கருதுகிறோம். ஆராயாமல் சிகிச்சையளிப்பது குருட்டுத்தனம்; ஆராய்ந்து பெயர் சூட்டியதோடு நின்றுவிடுவதோ, மனிதரை மறந்து நோயை மட்டும் காண்பதாகும்.

திருச்சபையின் மரபுக்கு இச்சிந்தனை புதிதன்று. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த, புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் நூலின் முன்குறிப்புகளிலேயே இதனைக் காண்கிறோம். பெறுபவரின் வயது, கல்வி, ஆற்றல் ஆகியவற்றுக்கு ஏற்பவே பயிற்சிகள் தரப்பட வேண்டும். அவரால் எளிதில் தாங்க இயலாததை அவர்மேல் சுமத்தலாகாது. ஆன்ம வழிகாட்டலும் உளச் சிகிச்சையும் வேறு வேறானவை. ஆயினும் எதிரே இருப்பவர் யார் என்று அறிந்த பின்னரே வழிசொல்ல வேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவான அறம். வந்தவருக்கு வேண்டுவது நம் ஆறுதலா, மருத்துவரின் உதவியா எனப் பிரித்தறியவும் அந்தக் கேட்டலே துணை செய்யும்.

நாமோ, மனம் திறக்க வருபவர் இரண்டு வாக்கியம் பேசி முடிக்குமுன் அறிவுரையைத் தொடங்கிவிடுகிறோம். பர்த்திமேயுவின் பார்வையின்மையை எரிகோவின் தெருவே அறிந்திருந்தது. அப்படியிருந்தும், அவனுக்குத் தாம் என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவர் அவனிடமே கேட்டார். அவன் தன் வாயால் சொல்லும்வரை காத்திருந்தார்.